இரண்டு பிஸ்கட் சாப்பிடும் நேரம்

ஜனவரி 10

அன்புள்ள அண்ணா,

முதலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று சொல். அண்ணி சொல்கிறபடி மாடிப்படி ஏறாமல் இருக்கிறாயா, இல்லை அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஏறிவிடுகிறாயா? உன் பையனுக்கு, என் மருமகனுக்கு, வேலை ஏதாவது அமைந்ததா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நகராட்சி உறுப்பினர் ஆனதிலிருந்து என் வீட்டுக் கூடத்தில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போனை எடுத்தாலே பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். உன்னிடம் மனம் விட்டுப் பேச எனக்கு இதை விட்டால் வழியில்லை.

தேர்தலில் நிற்கச் சொன்னவன் நீதான். "நியாயம் பேசுற வாய் வீட்டுக்குள்ளேயே கிடந்து என்ன பண்ணப் போகுது" என்றாய். அந்த வாய் இங்கே படும் பாட்டை வந்து பார். கூட்டத்தில் எழுத்தர் தீர்மானத்தின் எண்ணை மட்டும்தான் வாசிப்பார். அது தெருவிளக்கா சாக்கடையா என்று சொல்ல மாட்டார். எண்ணை வாசித்ததும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் மேஜையைத் தட்டுவார், தலைவர் "நிறைவேறியது" என்பார், அடுத்த எண் வந்துவிடும். அந்தப் பெரியவருக்கு மேஜைதட்டியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். மறுக்க வேண்டுமானால் அவர் கை மேஜையில் விழுவதற்குள் எழுந்து நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டதாக அர்த்தம். என் வார்டுக்கு வர வேண்டிய விளக்குகள் வேறு வார்டில் எரிவது இப்படித்தான்.

தலைவர் யார் என்று உனக்குத் தெரியும். பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கோந்துதான். யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்வான் என்று நீங்கள் வைத்த பெயர், இன்றைக்கும் அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. என் வார்டில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றப் போகிறார்களாம். புதுக் கட்டடம், புதுக் கட்டில் எல்லாம் சரிதான். சரக்கு வண்டி வரும்போது கேட்டை மூடினால் எப்போது திறக்கும் என்று கேட் கீப்பருக்கே தெரியாது. வலி எடுத்தவள் அதுவரை எங்கே நிற்பாள்? அந்தப் பக்கத்து நிலம் யாருடையது என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். இதை மட்டும் நான் விடப்போவதில்லை.

இன்னொன்று, உன்னிடம் மட்டும். எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. பக்கத்து ஊர் டாக்டரிடம் போய்ப் பார்த்தேன். விடுதியில் இருக்கும் மகளிடம்கூடச் சொல்லவில்லை. போன நகர்மன்றத்தில் உறுப்பினராக இருந்த ஓர் அம்மாள் கூட்டத்தில் மயங்கிவிட்டாராம். அதன்பிறகு "பாவம், உடம்பு முடியாதவங்க" என்று சொல்லிச் சொல்லியே அவரை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பரிதாபம் எனக்கு வேண்டாம். அண்ணியிடமும் சொல்லாதே.

உன் பாப்பா


ஜனவரி 26

பாப்பா,

என் முழங்கால் கிடக்கிறது, அது எங்கேயும் ஓடிவிடாது. உன் சேதியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவை எறும்புக்கு முன்னால் கண்டுபிடித்தவள் நீ. இனிமேலாவது கையைக் கட்டிக்கொண்டு இரு. நான் யாரிடம் சொல்லப் போகிறேன்? என்னிடம் வந்த வார்த்தை வெளியே போகாது.

கோந்தோடு பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது. எதிரே வந்தால்கூட அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம். ஆஸ்பத்திரி விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தொண்டை வறளக் கத்தாதே.

உன் மருமகனுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கப் படித்தவன், வீட்டில் ஜன்னல் வழியாகத் தெருவை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

இனிப்பைத் தொடவில்லை, சத்தியம். நடக்கிறேன், கசப்பாக என்னென்னவோ குடிக்கிறேன். மருமகனை நினைத்து மனசை அரித்துக்கொள்ளாதே, கெட்டிக்காரப் பையன், வழி பிறக்கும்.

இங்கே வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா முதலில் என்னோடு பேசவே மாட்டேன் என்றார். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லையாம். மூன்றாம் தடவை போனபோது ஸ்டூலை இழுத்துப் போட்டார். கூட்டத்தன்று வார்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து மறுத்தால், தலைவர் ஓட்டெடுப்பு வைத்தே ஆக வேண்டும். அத்தனை பெண்களுக்கு எதிரே கை தூக்க எந்த உறுப்பினருக்கும் கூச்சமாக இருக்கும். அதுதான் என் கணக்கு.

நான் கிளம்பும்போது நர்ஸம்மா ஒன்று சொன்னார். "உங்களை நம்பித்தான் இவங்களைக் கூட்டிட்டு வரேன். நடுவுல விட்டுட்டுப் போயிடாதீங்க." நானா விட்டுவிட்டுப் போவேன் என்று சிரித்தேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் பாப்பா


பிப்ரவரி 23

பாப்பா,

நீ ஊரை நினைக்கிறாய், நான் உன்னை நினைக்கிறேன். மாத்திரை எந்த நேரத்தில் போடுகிறாய்? போட்டதும் சாப்பிட வேண்டுமா, கொஞ்சம் கழித்தா? கூட்டம் காலையில் தொடங்கினால் மதியம் தாண்டிவிடுமே, நடுவில் என்ன செய்கிறாய்? எழுந்து வெளியே போவாயா? யாரும் பார்க்காத இடம் இருக்கிறதா? விவரமாக எழுது. எனக்குத் தெரிந்தால்தான் தூக்கம் வரும்.

உன் மருமகன் ஓர் இடத்துக்கு நேர்காணலுக்குப் போய்வந்தான். அமைந்தால் எந்த இடம் என்று சொல்கிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் மாத்திரை போட்டேனா, சாப்பிட்டேனா என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

கூட்ட நாளில் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கை நடுங்க ஆரம்பிக்கும். அப்போது போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போவேன். பழைய காகிதக் கட்டுகள் வைத்திருக்கும் அறைக்குப் பின்னால் ஒரு மாடிப்படி இருக்கிறது, அங்கே யாரும் வருவதில்லை. கைப்பையில் இரண்டு பிஸ்கட் வைத்திருப்பேன். மென்று தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். திருடுகிறவள்கூட இவ்வளவு ஒளிந்து தின்ன மாட்டாள், போ.

கவலைப்படாதே. கூட்டப் பட்டியல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தீர்மானம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, டீயெல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வரும். அப்போது தெம்பாக எழுந்து நிற்பேன். வரும் வாரம் கூட்டம். நல்ல சேதியோடு எழுதுகிறேன்.

உன் பாப்பா


மார்ச் 20

அண்ணா,

உன் பதில் வருவதற்குள் நானே எழுதுகிறேன். எல்லாம் போய்விட்டது.

பெண்கள் வந்திருந்தார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர், இடுப்பில் குழந்தையோடு சிலர், நடுவில் நர்ஸம்மா. நான் அவர்களைப் பார்த்துக் கையசைத்தேன். வழக்கம்போல டீக்கு முன்னால் கை நடுங்கியது. இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறதே என்று எழுந்து போனேன்.

முதல் பிஸ்கட்டைக் கடித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மேஜை தட்டும் சத்தம் கேட்டது. அது ஏதோ சாக்கடை என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதையும் தின்றேன். உள்ளே வந்தால் பெண்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் தாண்டியதுமே தலைவர், அவசரம் கருதி கடைசிப் பக்கத்துத் தீர்மானத்தை இப்போதே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். மேஜைதட்டியார் கையை ஓங்கியபடியே காத்திருந்தாராம். வருகைப் பதிவில் என் கையெழுத்து இருப்பதால் நானும் ஒப்புக்கொண்டதாகிவிட்டது. ஒருமனதாக.

வராந்தாவில் நர்ஸம்மாவை மறித்தேன். எங்கே போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போன் வந்தது என்றேன். அவர் என் உதட்டில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைப் பார்த்தார். "சாப்பிடத்தான் போனீங்களா?" என்றார். பெண்களோடு படியிறங்கிப் போய்விட்டார்.

இப்போது தெருவில் நான் விலை போய்விட்டதாகப் பேச்சு. என் கூடத்தில் யாரும் வந்து உட்காருவதில்லை. தாராளமாகப் போனில் பேசலாம், ஆனால் பேசினால் அழுதுவிடுவேன். தலைவருக்கு எப்படி அந்த நேரம் பார்த்து அந்த யோசனை வந்தது என்றுதான் புரியவில்லை. அண்ணா, ஏதாவது எழுது.

பாப்பா


ஏப்ரல் 28

பாப்பா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. முழங்கால் பெரிய தொல்லை கொடுத்தது. இங்கே வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது.

நடந்தது நடந்துவிட்டது. நகராட்சி என்றால் இப்படித்தான் இருக்கும். புதுக் கட்டடம் வந்தால் நாலு பேருக்கு நல்லதும் நடக்கும், அதையும் யோசித்துப் பார். பெரிய ஆட்களை முறைத்துக்கொண்டு என்ன கிடைக்கப் போகிறது? தெருவில் பேசுகிறவர்கள் பேசிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள்.

உன் மருமகன் விஷயம் நல்லபடியாக முடியும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார், ராத்திரியெல்லாம் குரைக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தில் என் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பரவாயில்லை, உனக்கே முடியாமல் இருந்திருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடு.

நான் இன்னும் தோற்றுப்போகவில்லை. ஒரு கூட்டத்தில் நடந்ததை அடுத்த கூட்டத்தில் வாசித்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்றால் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். அதனால்தானோ என்னவோ அடுத்த கூட்டம் தள்ளிக்கொண்டே போகிறது. ஏன் என்று கேட்க நேற்றுத் தலைவர் அறைக்குப் போனேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அவர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ரொம்பக் கரிசனமாகச் சொன்னார்:

"சர்க்கரை இருக்கிற உடம்பும்மா. எதுக்கு இப்படி அலட்டிக்கிறீங்க? வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

அந்த நாற்காலியில் உட்காராமலே வெளியே வந்துவிட்டேன்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். டாக்டருக்கு இவரைத் தெரியாது. மருந்துக்கடை பக்கத்து ஊரில். மாடிப்படியில் என்னை ஒருவரும் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் பிஸ்கட் தின்றேன் என்றுதான் தெரிந்திருக்கும், ஏன் என்று தெரியாது. அது தெரிந்தவன் நீ ஒருவன்.

உன்னைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. யாரிடமாவது வாய் தவறி வந்துவிட்டதா? இல்லை என்று ஒரே ஒரு வரி எழுது. நம்பிவிடுவேன்.

உன் பாப்பா


ஜூன் 18

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது,

நீயும் மகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் அண்ணன் உனக்கு எழுதுகிறேன் என்று தினமும் காகிதத்தோடு உட்காருகிறார், பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். என்னவென்று கேட்டால் முழங்கால் என்கிறார். முழங்காலுக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தமோ. இந்த நல்ல சேதியை எத்தனை நாள் அடக்கி வைப்பது என்று நானே எழுதுகிறேன்.

பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் எங்கே என்று நினைக்கிறாய், உன் ஊரிலேயே. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரி கட்டப் போகிறார்களாமே, அதில் மேற்பார்வையாளன். எல்லாம் உங்கள் தலைவர் தயவு. பிப்ரவரியிலிருந்து அவரும் உன் அண்ணனும் போனில் அப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்துச் சிநேகம் பார். அத்தை வீடு இருக்கும்போது வெளியே எதற்குத் தங்க வேண்டும்? உன் வீட்டுக்கே அனுப்புகிறேன்.

உன்னிடம் எனக்கு ஒரு வருத்தம். உனக்குச் சர்க்கரையாமே. என்னிடம் ஏன் மறைத்தாய்? இவர்கள் போனில் பேசும்போதுதான் என் காதில் விழுந்தது. நீ எப்போது மாத்திரை போடுகிறாய், எப்போது எழுந்து சாப்பிடப் போகிறாய் என்பதுவரை தலைவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெளி மனிதருக்கு இருக்கும் அக்கறையைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜூன் 25

பாப்பா,

உன் அண்ணி உனக்கு எழுதிவிட்டதாக இப்போதுதான் சொன்னாள்.

நீ நினைக்கிற மாதிரி இல்லை. கூட்டத்தில் நீ கத்திக் கத்தி விழுந்துவிடுவாய் என்று எனக்குப் பயம். பாப்பா சாப்பிட எழுந்து போனால் தடுக்காதே, அவளை அலையவிடாதே என்றுதான் கோந்திடம் சொன்னேன். அவன் அதை வைத்து என்ன செய்வான் என்று நான் எப்படிக் கண்டேன்? பையனும் வீட்டில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பான், சொல். நீயும் பிள்ளை பெற்றவள்.

உன் நல்லதுக்குத்தான். உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

அண்ணன்


ஜூலை 12

அண்ணா அவர்களுக்கு,

போன வாரம் கூட்டம் நடந்தது.

கூட்டத்துக்கு முன்னால் நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், என் நோயை, மாடிப்படியை, யார் யாரிடம் சொன்னார்கள் என்பதை. உங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நாக்கு எழவில்லை. "வீட்டு ஆளு" என்றேன். அவர் கதவை முழுக்கத் திறந்தார். பிறகு, அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று திட்டினார்.

மன்றத்துக்குப் பிஸ்கட்டை ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். டப்பாவை மேஜை மேல் வைத்தேன். போன கூட்டத்தின் நடவடிக்கையை வாசிக்காமல் கட்டடக் குத்தகை, கடை வாடகை என்று இழுத்தார்கள். டீக்கு முன்னால் கை நடுங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், தலைவரும் எதிர்பார்ப்போடு பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. டப்பாவைத் திறந்தேன். கூட்டத்தில் சாப்பிடக்கூடாது என்று மேஜைதட்டியார் முணுமுணுத்தார். "எனக்குச் சர்க்கரை இருக்கு. இந்த நேரத்துல சாப்பிடலைன்னா மயக்கம் வரும். போன தடவை வெளியே போய்ச் சாப்பிட்டேன், உள்ளே ஆஸ்பத்திரியை எடுத்துட்டீங்க. இனிமே இங்கேயே சாப்பிட்டுக்கறேன்" என்றேன். பார்வையாளர் வரிசையில் பெண்கள் இருந்தார்கள். மொறுமொறு என்ற சத்தம் மன்றம் முழுக்கக் கேட்டது. அதற்குமேல் இழுக்க வழியில்லாமல் நடவடிக்கையை வாசித்தார்கள். எழுத்தர் 'ஒருமனதாக' என்று வாசித்ததும் எழுந்து நின்றேன். மேஜைதட்டியார் தட்டவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது.

தோற்றுவிட்டேன். கூசுவார்கள் என்று நான் நினைத்தவர்கள் கூசாமல் கை தூக்கினார்கள். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் போகிறது. உங்கள் பையனுக்கு வேலை நிச்சயம். ஆனால் ஒருமனதாக என்ற சொல்லை அடித்துவிட்டு, மறுத்தவள் என்று என்னை எழுதியிருக்கிறார்கள். என் கூடத்தில் மறுபடி ஆட்கள் வந்து உட்காருகிறார்கள்.

மருமகனை அனுப்புங்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அத்தை வீட்டில் அவனுக்குச் சோறும் படுக்கையும் எப்போதும் உண்டு. தினமும் காலையில் வேலைக்குப் போக அவன் கேட்டில் நிற்க வேண்டும். கட்டடத்தில் ஒரு பகுதியைத் திறந்த பிறகு என்றைக்காவது பக்கத்தில் ஓர் ஆட்டோவில் ஒருத்தி வலியில் கத்துவாள். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரி எப்படி அந்தப் பக்கம் போனது என்று என்னைக் கேட்பான். உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இல்லை என்று ஒரு வரி கேட்டிருந்தேன். பொய்யாகவாவது எழுதியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

கடைசிக் கடிதத்திலும் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் இப்போது எல்லோருக்கும் தெரியும். கேட் கீப்பர் கேட்கிறார், டீ கொண்டுவருகிறவர் கேட்கிறார், நர்ஸம்மா தினமும் கேட்கிறார், எல்லோருக்கும் பதில் சொல்கிறேன். என் உடம்பை யார் வேண்டுமானாலும் விசாரிக்கட்டும். நீங்கள் மட்டும் விசாரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கேட்டுக்கு இந்தப் பக்கத்து வார்டு உறுப்பினர்